அலுமினியப் படகில் சின்னக் கசிவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2016 மே மாதம் களனி ஆறு பெருகி கொலன்னாவ, வெல்லம்பிட்டிப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியபோது எங்கள் ஒழுங்கையில் ஒரு படகுகூட இல்லை. அதற்குப் பிறகு பத்து வீட்டுக்காரர் காசு சேர்த்து, தகடுகளை ரிவெட் என்ற உலோக ஆணிகளால் சேர்த்து அடித்த பழைய அலுமினியப் படகு இரண்டு வாங்கினோம். பன்னிரண்டடி நீளம். இரண்டுமே ஒழுகின. கொழும்பில் பைபர் படகு திருத்தும் ஆட்களைத் தேடிப் பிடிக்கலாம், அலுமினியம் என்றால் அவர்களில் பலர் கையை விரித்துவிடுவார்கள். அதனால் கேட்டும் படித்தும் செய்து பார்த்தும் நாங்களே பழகிக்கொண்டோம். படகு வைத்திருக்கும் மற்றவர்கள் எங்களிடம் வந்து கேட்பவற்றை இங்கே எழுதுகிறேன். ரிவெட், தகடுகள் சேரும் மூட்டு, ஊசித்துளை, சின்ன வெடிப்பு இவற்றைப் பற்றி மட்டும்தான் பேச்சு. அடித்தகடு கிழிந்த படகு வேறு கதை.

படகுக்குள் தண்ணீர் நிற்கிறது. ஓட்டைதானா?

முதலில் பின்பக்கம் தண்ணீர் வடிக்கும் துளையின் அடைப்பானைக் கழற்றிப் பாருங்கள். அதன் ரப்பர் வளையம் வெயிலில் காய்ந்து வெடித்திருந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே இருக்கிறது. அந்தத் துளைக்குள் செருகியிருக்கும் சின்னக் குழாயின் விளிம்பும் தேய்ந்து கசியும். அப்புறம் எஞ்சின் மாட்டும் பின்பலகையின் போல்ட்டுகள், யாராவது எப்போதாவது எதையோ பூட்டிவிட்டுக் கழற்றிய ஸ்க்ரூத் துளைகள். இவற்றைப் பார்த்து முடிக்கும்வரை அடித்தகட்டைத் தொட வேண்டாம்.

கசியும் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

படகைத் தண்ணீரில் இறக்கித் தேடாதீர்கள். படகைத் தரையில் வைத்து, தண்ணீரைப் படகுக்குள் ஊற்றுங்கள். உள்ளிருந்து வெளியே வரும் சொட்டைக் கண்ணால் பார்க்கலாம்.

படகை இடுப்பளவு உயரத்தில் மரத்தாங்கி மேல் ஏற்றுங்கள். தாங்கி இரண்டு போதாது, மூன்று அல்லது நான்கு வையுங்கள், இடையில் பழைய டயர் கொடுங்கள். காரணம் பாரம். மூன்று மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலமுள்ள அடிப்பகுதியில் ஐந்து சென்ரிமீட்டர் தண்ணீர் நின்றால் 150 லீட்டர், அதாவது 150 கிலோ. படகு மிதக்கும்போது வெளித்தண்ணீர் எல்லாப் பக்கமும் தாங்கும். தாங்கி மேல் நிற்கும்போது அப்படித் தாங்க எதுவும் இல்லை. விளிம்புவரை நிரப்பித் தகட்டை வளைத்துக்கொண்டவர்கள் உண்டு.

வெளிப்பக்கத்தைத் துணியால் ஒற்றி முழுக்கக் காய வையுங்கள். பிறகு மூட்டு நெடுகிலும் முகப்பவுடரைத் தூவித் தடவுங்கள். இதை விடவே கூடாது. தண்ணீர் கசியும் இடத்திலேயே சொட்டாது, மூட்டு வழியாக ஓடி ஒரு முழம் தள்ளித் தாழ்ந்த இடத்தில் சொட்டும். சொட்டும் இடத்தில் பூசிவிட்டு, பூசினேன் நிற்கவில்லை என்று சொல்கிறவர்கள்தான் அதிகம். பவுடர் இருந்தால் ஈரக்கோடு எங்கே தொடங்குகிறது என்று தெளிவாகத் தெரியும். அந்தத் தொடக்கத்தைத்தான் குறிக்க வேண்டும். ஈரத்திலும் அழியாத மார்க்கர் பேனாவால் வட்டம் போடுங்கள்.

தண்ணீரை ஒரே தடவையில் ஊற்றாதீர்கள். இரண்டு விரல் உயரம் ஊற்றி அரைமணி நேரம் காத்திருந்து குறியுங்கள். பிறகு இன்னும் இரண்டு விரல். சில ரிவெட்டுகளில் வேர்வை அரும்புவதுபோல ஈரம் மெதுவாகத்தான் எழும்பும். அவசரப்பட்டால் தப்பிவிடும்.

ரிவெட்டில்தான் கசிகிறது. பூசி அடைக்கலாமா?

முதலில் அது தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பெருவிரலால் ரிவெட் தலையை அழுத்தி அசைத்தால் சுழலும், அல்லது மெல்லியதாக ஆடும். அசைவு தெரியாவிட்டாலும் தலையைச் சுற்றிச் சாம்பல் கலந்த கறுப்பு வளையம் இருந்தால் அது தளர்ந்ததுதான். ரிவெட்டும் தகடும் ஒன்றோடொன்று உரசி உண்டான தூள் அது. விரலில் மை போல ஒட்டும்.

தளர்ந்த ரிவெட்டின் மேல் என்ன பூசினாலும் அது ஆட ஆடப் பூச்சு வெடிக்கும். இறுக்கித்தான் ஆக வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளியே, ரிவெட் தலையில் கனமான இரும்பை முட்டுக் கொடுத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். பெரிய சம்மட்டியின் தலை இதற்கு நன்றாகப் போதும். மற்றவர் உள்ளே இருந்து ரிவெட்டின் வாலைச் சின்னச் சுத்தியலால் தட்ட வேண்டும். ஓங்கி ஒரு அடி அல்ல, மெல்லிதாக ஏழெட்டுத் தட்டு.

முதல் நாள் நான் உள்ளே, மச்சான் வெளியே. மூன்றாவது ரிவெட்டில் சத்தம் மாறியதை அவன்தான் கவனித்தான். “மச்சான், இது இறுகிட்டுது, நிப்பாட்டு” என்று வெளியிலிருந்து கத்தினான். தளர்ந்திருக்கும்போது டப்பென்று ஓட்டைச் சத்தம் வரும். இறுகியதும் சத்தம் டங்கென்று கெட்டியாகும், முட்டு இரும்பு கையில் அதிரும். அதற்கு மேல் அடித்தால் துளையைச் சுற்றித் தகடு நீண்டு பக்கத்து ரிவெட் தளரும். காது சொல்லும்போது நிறுத்துங்கள்.

இறுக்கிய பிறகும் கசிந்தால் துளை பெருத்துவிட்டது. அந்த ரிவெட்டைத் துளைத்து எடுத்துவிட்டு ஒரு அளவு பெரியது போட வேண்டும்.

மாற்றுவதற்கு எந்த ரிவெட் வாங்குவது?

உள்ளே கை போகும் இடம் என்றால் கெட்டி அலுமினிய ரிவெட்தான் நல்லது. நீளத்துக்கு ஒரு கணக்கு உண்டு. சேர்க்கும் தகடுகளின் மொத்தத் தடிப்போடு ரிவெட் விட்டத்தின் ஒன்றரை மடங்கைக் கூட்டுங்கள். 1.6 மில்லிமீட்டர்த் தகடு இரண்டு, 4.8 மில்லிமீட்டர் ரிவெட் என்றால் 3.2 கூட்டல் 7.2, ஏறக்குறையப் பத்தரை மில்லிமீட்டர்.

இருக்கைக்கு அடியிலும் மிதவை நுரைக்குப் பின்னாலும் கை போகாது. அங்கே பாப் ரிவெட் (நடுவிலுள்ள ஊசியைக் கருவியால் இழுத்து ஒரு பக்கத்திலிருந்தே இறுக்குவது) போடலாம், ஆனால் கடையில் சாதாரணமாகக் கிடைப்பதைப் போடாதீர்கள். அதன் நடு ஓட்டை திறந்தே இருக்கும், தண்ணீர் அதன் வழியாகவே வரும். உள்ளே மாட்டி நிற்கும் இரும்பு ஊசித்துண்டும் துருப்பிடிக்கும். வால்பக்கம் மூடிய பாப் ரிவெட் என்று தனியாக உண்டு. பழைய சோனகத் தெருவில் பத்துக் கடை ஏறி இறங்க வேண்டி வந்தாலும் மூடியதையே கேட்டு வாங்குங்கள். உடம்பும் ஊசியும் இரண்டுமே அலுமினியமாக இருக்க வேண்டும். ஒரு காந்தத்தைச் சட்டைப்பையில் கொண்டுபோனால் இரும்பு ஊசியைக் கடையிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

எந்த ரிவெட்டானாலும் துளையில் போடுவதற்கு முன் சீலன்டில், அதாவது இடுக்கை அடைக்கும் பசையில், தோய்த்துப் போடுங்கள்.

சிலிக்கன் ட்யூப் ஒன்று வாங்கிப் பூசினால் போதாதா?

போதாது, கெடுதலும்கூட. யன்னல் கண்ணாடிக்குப் பூசும் சாதாரணச் சிலிக்கன் காயும்போது வினாகிரி வாசம் வரும். அது அசெட்டிக் அமிலம், அலுமினியத்தை அரிக்கும். எங்கள் இரண்டாவது படகை விற்றவர் மூட்டு முழுக்க அதைப் பூசியிருந்தார். நகத்தால் நெம்பியதும் ரப்பர் நாடா போல முழு நீளமும் உரிந்து வந்தது. அடியில் திருநீறு போல வெள்ளைத்தூள், தூளைத் துடைத்தால் தகட்டில் அம்மைத்தழும்பு போலக் குழிகள். ஒரு சின்னக் கசிவுக்குப் போட்ட மருந்து, மூட்டு நெடுகிலும் நோயைக் கொண்டுவந்திருந்தது. எனக்கு உண்மையிலேயே மனம் நொந்தது. ஏனென்றால் அந்தப் படகின் ரிவெட்டுகள் எல்லாம் நல்ல ரிவெட்டுகள்.

இன்னொரு தொல்லை: சிலிக்கன் இருந்த இடத்தில் அதற்குப் பிறகு வேறெதுவும் ஒட்டாது. சுரண்டி எடுத்தபின்னும் கண்ணுக்குத் தெரியாத படலம் நிற்கும். சேண்ட் பேப்பரால் தேய்த்துத்தான் போக்க வேண்டும்.

அப்படியென்றால் மூட்டில் எதைப் பூசுவது?

ரிவெட் எல்லாம் இறுகிய பிறகும் மூட்டில் ஈரம் ஊறினால் இரண்டு வழி உண்டு. ஒன்று, படகுக்கென்றே செய்த பொலியூரத்தேன் சீலன்ட். சிக்காஃப்ளெக்ஸ் 291, 3எம் 5200 போன்றவை. காற்றின் ஈரத்தை வாங்கித்தான் இவை இறுகும், அதனால் கொழும்புப் புழுக்கம் இந்த ஒரு வேலைக்கு உதவி. ஆனாலும் 5200 முழுக்க இறுக ஒரு வாரத்தை விட்டுவிடுங்கள். மேலே தோல் கட்டிவிட்டது என்று அடுத்த நாளே தண்ணீரில் இறக்கக் கூடாது.

மற்றது, மூட்டுக்குள் ஊறிப்போகும் நெகிழ்வான எப்பொக்ஸி, இரண்டு பாகத்தைக் கலந்தால் இறுகும் பிசின். க்ளுவிட் என்ற பெயரில் வருவது இந்த வேலைக்கென்றே உள்ளது. படகின் உட்பக்கத்திலிருந்து தூரிகையால் மூட்டு நெடுகப் பூச வேண்டும். நல்ல நேரம் எது என்றால், நடுப்பகல் வெயிலில் தகடு சூடேறி, மூன்று மணிக்குப் பிறகு ஆறத் தொடங்கும் நேரம். சூடேறும் தகட்டில் பூசினால் இடுக்கிலுள்ள காற்று விரிந்து குமிழியாக வெளியே தள்ளும். ஆறும் தகடோ பூச்சை உள்ளே இழுக்கும்.

எப்பொக்ஸி பூசினேன், ஒரே மாதத்தில் தோல் போல உரிந்துவிட்டது. ஏன்?

சாமானைக் குறை சொல்லாதீர்கள், தகடு சுத்தமில்லை. இதைத்தான் நான் யாருக்கும் திரும்பத் திரும்பச் சொல்வேன். அலுமினியக் கசிவு வேலையில் முக்கால்வாசி, பூசுவதற்கு முன் செய்வது.

அலுமினியத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கிய அந்த நொடியிலேயே காற்றுப்பட்டு அதன்மேல் ஒட்சைட்டுப் படலம் மறுபடி கட்டத் தொடங்கும். தேய்த்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போய் வந்து பூசினால் நீங்கள் பூசுவது தகட்டின் மேல் அல்ல, அந்தப் படலத்தின் மேல். எண்ணெய், கைவிரல் பிசுக்கு, பழைய பெயின்ட் எல்லாம் இதோடு சேரும்.

நாங்கள் செய்வது இப்படி. முதலில் சவர்க்காரத் தண்ணீரில் கழுவிக் காய வைப்போம். பிறகு அசிட்டோனில் நனைத்த வெள்ளைத் துணியால் துடைப்போம், துணி அழுக்காகாமல் வரும்வரை. அதற்குப் பிறகுதான் தேய்ப்பது. முந்தித் தேய்த்தால் எண்ணெயைக் கீறல்களுக்குள் அமுக்கிவிடுவோம். தேய்க்க 80 நம்பர் சேண்ட் பேப்பர், அல்லது புதிய ஸ்டெயின்லெஸ் கம்பித் தூரிகை. சாதாரண இரும்புத் தூரிகை வேண்டாம், இரும்புத் துணுக்குகள் தகட்டில் பதிந்து அங்கேயே அரிப்புத் தொடங்கும். கடைசியில், கலந்த எப்பொக்ஸியைக் கொஞ்சம் தகட்டில் தடவி, அந்த ஈரத்தோடேயே சேண்ட் பேப்பரால் மறுபடி தேய்ப்போம். எப்பொக்ஸிக்கு அடியில் திறக்கும் புதுத் தகடு காற்றையே பார்க்காது. கலவை சாம்பல் நிறமாகும், அது சரிதான். அதைத் துடைத்துவிட்டு அல்லது அதன் மேலேயே அடுத்த பூச்சைப் போடலாம். இப்படி ஒட்டியதை எடுக்க எங்களுக்கே பின்னொரு நாள் உளி தேவைப்பட்டது.

மழை இருட்டினால் அன்று வேலையைத் தள்ளிப்போடுங்கள். எப்பொக்ஸிக்கு ஈரம் ஆகாது.

எங்கும் மோதவில்லை, ஆனாலும் ஊசித்துளை விழுந்திருக்கிறது. எப்படி?

அநேகமாக உள்ளிருந்து அரித்திருக்கும். தரைப்பலகைக்குக் கீழே ஈர மண்ணும் இலைச்சருகும் மாதக்கணக்கில் படிந்து கிடந்தால் அதற்கு அடியில் காற்றுப் படாமல் தகடு குழி விழும். வேறு உலோகம் பட்டாலும் அப்படித்தான். செம்புதான் மிக மோசம். பேட்டரி வயர் சீவும்போது உதிர்ந்த செம்புக் கம்பித்துண்டு ஒன்று உப்புத்தண்ணீரோடு அடியில் கிடந்தால் போதும். ஈயக் குண்டும் நல்லதல்ல. செம்பு உப்பு ஏற்றிப் பதப்படுத்திய பச்சை நிற மரப்பலகையைத் தரைக்குப் போட்டாலும் அதே கதை.

துளையைச் சுற்றி மரக்கைப்பிடியால் தட்டி, ஸ்க்ரூ டிரைவர் முனையால் மெல்ல அழுத்திப் பாருங்கள். தனித் துளை, சுற்றிலும் தகடு உறுதி என்றால் சுத்தம் செய்து அலுமினியத்தூள் கலந்த எப்பொக்ஸிப் புட்டியால் அடைக்கலாம். முனை உள்ளே இறங்கினால் அந்த இடம் முழுவதும் மெலிந்துவிட்டது, ஒட்டுத்தகடு வேண்டும். 5052 அல்லது 5083 ரகத் தகடு வாங்குங்கள். மூலைகளை வட்டமாக வெட்டி, கெட்ட இடத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஓரங்குலம் கூடுதலாக விட்டு, நடுவே சீலன்ட் பரப்பி ரிவெட் அடிக்க வேண்டும். தகர டின்னை வெட்டி ஒட்டுப் போட்ட படகையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

வெடிப்பு ஒன்று நீண்டுகொண்டே போகிறது?

வெடிப்பின் இரண்டு நுனியையும் கண்டுபிடித்து, நுனியில் 3 மில்லிமீட்டர்த் துளை போடுங்கள். கூர்மையான நுனியில்தான் இழுவிசை குவியும், வட்டத்துளையில் அது பரவிவிடும், வெடிப்பு நிற்கும். கண்ணுக்குத் தெரியும் நுனி உண்மையான நுனியாக இருக்காது. வெடிப்பைக் காட்டும் சிவப்புச்சாயமும் வெள்ளை டெவலப்பரும் ஸ்ப்ரே டின்னில் கிடைக்கும், அடித்துப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிருப்பது தெரியும். பிறகு ஒட்டுத்தகடு.

ஆனால் அந்த இடம் ஏன் வெடித்தது என்று யோசியுங்கள். பின்பலகை உக்கி, எஞ்சின் ஆட்டத்தைத் தகடே தாங்கிக்கொண்டிருக்கலாம். பலகையை மாற்றாமல் வெடிப்பை மட்டும் மூடினால் அடுத்த வெடிப்பு பக்கத்திலேயே வரும்.

வெல்டிங் பாஸ் ஒருவரிடம் கொடுத்தால் ஒரேயடியாக முடிந்துவிடாதா?

வெல்டிங்கால் கட்டிய, தடித்த தகட்டுப் படகுக்கு அதுதான் சரியான வழி. ரிவெட் படகுக்கு அல்ல. மெல்லிய தகடு கோணும், சூட்டில் பக்கத்து ரிவெட்டுகள் தளரும், மூட்டுக்குள் இருக்கும் பழைய சீலன்ட் கருகி வெல்டிங்கையே கெடுக்கும்.

கேட் கிரில் ஒட்டுகிற கடையில் இதைக் கொடுக்காதீர்கள், அவர்கள் கெட்டிக்காரர்களாக இருந்தாலும் சரி. அலுமினியம் 660 பாகை செல்சியஸில் உருகும், அதன் மேலுள்ள ஒட்சைட்டுப் படலம் உருக 2000 பாகைக்கு மேல் வேண்டும். இரும்பு போலச் சிவந்து எச்சரிக்கையும் தராது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓட்டையாகிக் கீழே விழும். ஏசி மின்னோட்டத்தில் டிக் வெல்டிங், ஆர்கன் வாயு, 5356 கம்பி என்று பாஸ் தானாகவே சொன்னால் நம்பிக் கொடுக்கலாம்.

கொண்டுபோகும் முன் பெற்றோல் தாங்கியைக் கழற்றி வீட்டில் வையுங்கள். ஒட்டும் இடத்துக்குப் பின்னால் நுரை இருந்தால் வெட்டி எடுங்கள். அது தீப்பற்றும், புகை நஞ்சு.

மரவள்ளத்துக்கு அடிப்பதுபோலக் கலப்பற்று அடிக்கலாமா? தார்?

மரம் தண்ணீரில் ஊறிப் பருக்கும், பஞ்சையும் குங்கிலியத்தையும் இறுக்கிப் பிடிக்கும். அலுமினியம் பருக்காது. தார் கசிவை மறைக்கும், நிறுத்தாது.

தண்ணீரில் நிற்கும்போதே கசியத் தொடங்கினால்?

பஸ், லொறி டிரைவர்கள் டீசல் தாங்கி ஒழுகினால் சவர்க்காரம் தேய்ப்பார்கள். டீசலில் சவர்க்காரம் கரையாது, அதனால் அங்கே நிற்கும். படகில் அதைச் செய்தால் கரைந்து போய்விடும். தண்ணீருக்கடியிலும் இறுகும், கையால் பிசையும் எப்பொக்ஸி புட்டிக் குச்சி ஒன்றைப் படகிலேயே வைத்திருங்கள். பிசைந்து, துளைக்குள் அழுத்தி, இறுகும்வரை கையை எடுக்காதீர்கள். கரைக்கு வர அது போதும். கரைக்கு வந்ததும் சுரண்டி எடுத்துவிட்டு ஒழுங்காகச் செய்யுங்கள்.

பெயின்ட் அடிக்க வேண்டுமா?

தகட்டுக்காக வேண்டியதில்லை. எப்பொக்ஸி பூசிய இடத்துக்கு வேண்டும், வெயில் அதைக் கெடுக்கும். பாசி பிடிக்காமல் அடிக்கும் செம்பு கலந்த பெயின்டை அலுமினியத்தில் அடிக்கவே கூடாது.

அனோட் தேவையா?

அனோட் என்பது படகுத் தகட்டுக்குப் பதிலாகத் தான் அரிபட்டுப் போகும் உலோகக் கட்டி. கரையில் ஏற்றி வைக்கும் படகுக்குத் தேவையில்லை. முகத்துவாரத்திலோ பொல்கொட ஏரியிலோ, உப்பும் நன்னீரும் கலக்கும் தண்ணீரில் எப்போதும் கட்டியிருந்தால் அலுமினிய அனோட் போடுங்கள். மக்னீசியம் நன்னீருக்கு மட்டும்.

இரண்டு மழைக்காலத்துக்கு இடையில் படகை எப்படி வைப்பது?

கவிழ்த்து, தரை படாமல், டயர் மேல். புதுச் சீமெந்துத் தரையில் நேரே வைக்காதீர்கள், ஈரச் சீமெந்தின் காரம் அலுமினியத்தைத் தின்னும். இழுத்துக்கொண்டு போகாமல் தூக்கிக்கொண்டு போங்கள். எங்கள் படகுகளின் நடுமுதுகு ரிவெட்டுகள் தேய்ந்தது ஆற்றில் அல்ல, தார் ரோட்டில்.

திருத்திய படகை நம்பி ஆட்களை ஏற்றலாமா?

முதலில் மணல் மூட்டையை ஏற்றுங்கள். நாலு பேருடைய பாரத்துக்கு மூட்டை அடுக்கி, இடுப்பளவு தண்ணீரில் ஒரு மணி நேரம் கட்டி வைத்துவிட்டு வந்து பாருங்கள். ரிவெட் படகில் ஒரு நாளில் ஒரு கோப்பைத் தண்ணீர் ஊறினால் நான் கவலைப்பட மாட்டேன். ஒரு மணி நேரத்தில் ஒரு வாளி என்றால் யாரையும் ஏற்ற மாட்டேன். ஊறாமலே படகு தாழ்ந்து மிதந்தால் இருக்கைக்கு அடியிலுள்ள நுரை தண்ணீர் குடித்திருக்கிறது, அதை மாற்ற வேண்டும். எவ்வளவு நன்றாகத் திருத்தியிருந்தாலும் ஏறுகிறவர்களுக்கு மிதப்பு அங்கி வேண்டும். வெள்ளத்தில் மதில்களும் கேட் முனைகளும் ரோட்டுப் பெயர்ப்பலகைகளும் தண்ணீருக்கு அடியில்தான் இருக்கும்.

இந்த வேலையை எப்போது செய்வது?

கொழும்பில் ஜனவரியும் பெப்ரவரியும்தான் காய்ந்த மாதங்கள். மார்ச், ஏப்ரலில் பின்னேர இடிமழை தொடங்கிவிடும், மே மாதம் தென்மேற்குப் பருவமழை. நாங்கள் தைப்பொங்கல் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை படகுகளைத் தாங்கியில் ஏற்றித் தண்ணீர் ஊற்றுவோம். மார்க்கர் வட்டங்களை எண்ணி மதில் சுவரில் எழுதி வைப்பது வழக்கம். ஒரு படகுக்கு முதல் வருடம் எழுதியது பத்தொன்பது. இந்தத் தையில் இரண்டு, இரண்டும் பின்பலகையின் இடது பக்கத்தில். அந்தப் பலகையைக் கழற்றி வைத்திருக்கிறோம்.